உயிரியல் படித்த மகளை ‘ஆர்ட்ஸ்’ கல்லூரிக்கு அனுப்பலாமா?

களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு தந்தை எழுதியிருக்கிறார். மகள் உயர்தரத்தில் உயிரியல் பிரிவு. மூன்று பாடங்களிலும் சித்தி, ஆனால் மருத்துவத்துக்கு இசட் புள்ளி போதவில்லை. அமெரிக்காவில் லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரி ஒன்றில் இயற்கை வளப் பாதுகாப்பு படிக்க இடம் எடுத்துத் தருவதாக மட்டக்களப்பில் ஒரு முகவர் சொல்கிறாராம். பதிவுக்கு நாலரை இலட்சம். மிச்சத்துக்குக் காணி உறுதியை வைத்துக் கடன் எடுக்கலாம் என்பது அவருடைய யோசனை. “விஞ்ஞானம் படித்த பிள்ளையை ஆர்ட்ஸ் படிக்க அனுப்புகிறாயா என்று மைத்துனர் சிரிக்கிறார். இந்தப் பட்டத்துக்கு இங்கே மதிப்பு உண்டா?” என்று கேட்டிருக்கிறார்.

முதலில் மைத்துனரின் சிரிப்புக்குப் பதில். அந்தப் பெயரில் உள்ள ஆர்ட்ஸுக்கும் நமது கலைப்பிரிவுக்கும் தொடர்பில்லை. அது ஒரு வகைக் கல்லூரியின் பெயர். ஆயிரம், இரண்டாயிரம் மாணவர்கள்தான் இருப்பார்கள். பெரும்பாலும் நான்கு வருட இளமாணிப் பட்டம் மட்டுமே. ஆரம்பத்தில் பல துறைப் பாடங்களையும் எடுத்து, இரண்டாம் வருடம் முடிவதற்குள் சிறப்புத் துறையைத் தெரிவுசெய்ய வேண்டும். இரசாயனமும் பௌதிகமும் விலங்கியலும் அங்கே உண்டு. வெர்மொண்ட் மாநிலத்தின் மிடில்பரி கல்லூரி 1965ஆம் ஆண்டிலேயே சுற்றாடல் கற்கையைத் தொடங்கிவிட்டது. டென்னசியில் உள்ள சிவானி என்ற இத்தகைய கல்வி நிறுவனத்துக்குச் சொந்தக் காணி மட்டும் சுமார் 13,000 ஏக்கர், பெரும்பகுதி காடு. வனவியல் மாணவருக்கு அந்தக் காடுதான் வகுப்பறை.

இயற்கை வளப் பாதுகாப்பு என்றவுடன் மரம் நடுவதும் பதாகை பிடிப்பதும்தான் பலருக்கு ஞாபகம் வருகிறது. மாரி காலத்தில் நம்முடைய மட்டக்களப்பு வாவி நிரம்பும்போது நடப்பதை நினைத்துப் பாருங்கள். படுவான்கரை வயல்கள் மூழ்குகின்றன. வாவி கடலைச் சேரும் முகத்துவாரத்தை உடனே வெட்டுங்கள் என்று விவசாயி கேட்கிறார். வெட்டினால் நீர் இறங்கி, இறாலும் மீனும் கடலோடு போய்விடும் என்று வாவி மீனவர் மறிக்கிறார். இருவர் சொல்வதும் உண்மை. எந்த நாளில், எந்த நீர்மட்டத்தில் வெட்டுவது, நட்டம் எத்தனை குடும்பங்களுக்கு, அதைத் தீர்மானிக்கும் அதிகாரம் யாருக்கு? இதற்கு நீரியல், உயிரியல், புள்ளிவிபரம், பொருளாதாரம், சட்டம் ஐந்தும் தெரிந்த ஓர் ஆள் வேண்டும். ஒலுவில் துறைமுகத்துக்குப் பிறகு நிந்தவூர்ப் பக்கம் கரையைக் கடல் தின்றபோதும் இதே குறைதான் தெரிந்தது. உங்கள் மகள் படிக்கப்போவது இதைத்தான். கிழக்கு மாகாணத்துக்கு இதைவிடப் பொருத்தமான படிப்பை என்னால் சொல்ல முடியவில்லை.

ஆனால் பட்டத்தின் பெயரில் ஒரு சிக்கல் உண்டு. இத்தகைய கல்லூரிகள் பலவற்றில் விஞ்ஞானம் படித்தவருக்கும் ‘பச்சிலர் ஒஃப் ஆர்ட்ஸ்’ என்றுதான் பட்டம். ஆமர்ஸ்ட் கல்லூரியில் பௌதிகம் படித்தாலும் அதே பெயர். அத்தகைய ஒரு பட்டத்தோடு நானும் இங்கே ஓர் அலுவலகத்தின் நேர்முகத்துக்குப் போயிருக்கிறேன். “கலைப்பட்டம்தானே” என்று கோப்பை மூடிவிட்டார்கள். மண் விஞ்ஞானமும் சூழலியலும் அடுத்த தாளில் இருந்தன; தாளைப் புரட்டுவதற்கு அந்த மேசையில் யாருக்கும் நேரம் இருக்கவில்லை. வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களமோ வனப் பாதுகாப்புத் திணைக்களமோ ஆட்களைச் சேர்க்கும்போது வர்த்தமானியில் எந்தப் பட்டம், எந்தப் பாடம் என்று எழுதியிருக்கும். எழுத்துக்கு எழுத்து அதைத்தான் பார்ப்பார்கள். ஆகவே மகள் தன் சிறப்புத் துறையாக உயிரியலையோ சுற்றாடல் விஞ்ஞானத்தையோ எடுப்பது நல்லது. பாட விபரக் கடிதத்தைக் கல்லூரிப் பதிவாளரிடம் கையோடு வாங்கி வரட்டும். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வெளிநாட்டுப் பட்டத்தை ஏற்பதற்கு, சர்வதேசப் பல்கலைக்கழகக் கைநூலில் அந்த நிறுவனத்தின் பெயர் இருக்கிறதா என்று பார்க்கும். விண்ணப்பிக்கும் முன்பே நீங்களும் பாருங்கள். நான்கு வருடம் கழித்துப் பார்த்துப் பயனில்லை.

இனி முகவர். அமெரிக்கக் கல்லூரிகளில் ‘இடத்தைப் பதிவுசெய்ய’ முகவருக்குப் பணம் கட்டும் முறையே கிடையாது. பிள்ளை தானே இணையத்தில் விண்ணப்பிக்கலாம்; விலக்குக் கேட்டால் விண்ணப்பக் கட்டணத்தைக்கூடப் பல இடங்களில் விட்டுவிடுவார்கள். முகவரின் கடையில் வேலைவாய்ப்புப் பணியகத்தின் உரிமம் தொங்குகிறது என்றால் அதை நம்பி உட்காராதீர்கள். அது வேலைக்கு ஆள் அனுப்புவதற்கான உரிமம். படிப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வழமையாக அடுத்த கட்டம் இதுதான்: முதல் வருடச் செலவுக்குப் பணம் இருப்பதை நிரூபித்தால்தான் மாணவர் விசாவுக்குத் தேவையான ஐ-20 படிவத்தைக் கல்லூரி தரும். “கவலைப்படாதீர்கள், ஒரு மாதத்துக்கு உங்கள் கணக்கில் நாங்கள் பணம் போட்டுக் காட்டுகிறோம்” என்பார் முகவர். அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள். பொய்ப் பத்திரம் காட்டி விசா கேட்டது தெரியவந்தால், அமெரிக்கச் சட்டப்படி அந்தப் பிள்ளைக்கு ஆயுள் முழுவதும் அந்த நாட்டின் கதவு மூடப்படலாம். கையொப்பம் பிள்ளையுடையது. முகவருக்கு ஒன்றும் ஆகாது. அவர் அடுத்த பிள்ளையைத் தேடிக்கொண்டிருப்பார்.

காணியை ஈடு வைப்பதைப் பற்றிக் கணக்காகவே சொல்கிறேன். பேர்பெற்ற லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகளில் தங்குமிடம், உணவு எல்லாம் சேர்ந்த முழுச் செலவு வருடத்துக்கு 80,000 டொலரைத் தாண்டும். டொலர் 300 ரூபாய் என்று வைத்தாலும் இரண்டு கோடி நாற்பது இலட்சம், ஒரே வருடத்துக்கு. எந்த வயற்காணி இதைத் தாங்கும்? நிதியுதவி இல்லாமல் போகக்கூடாது என்பதுதான் என் விதி.

ஒரேயொரு கல்லூரியைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் இதை எந்த முகவரும் உங்களுக்குச் சொல்லமாட்டார். அதில் அவருக்குத் தரகு இல்லை. கென்டக்கியில் உள்ள பெரியா கல்லூரி. 1855ஆம் ஆண்டு தொடங்கியது. அங்கே எந்த மாணவரிடமும் கற்பித்தல் கட்டணம் வாங்குவதில்லை. பதிலாக ஒவ்வொருவரும் வாரத்துக்குக் குறைந்தது பத்து மணித்தியாலம் கல்லூரிக்குள் வேலை செய்யவேண்டும். கல்லூரிக்குச் சொந்தப் பண்ணையும் காடும் உண்டு. விவசாயமும் இயற்கை வளமும் என்றே ஒரு துறை இருக்கிறது. வசதியுள்ள குடும்பத்துப் பிள்ளையை எடுக்கமாட்டார்கள். வருமானம் குறைவு என்பது இங்கே தகுதி. வெளிநாட்டு மாணவர்கள் ஒவ்வொரு வருடமும் சிறு தொகையினரே சேர்க்கப்படுகிறார்கள், உலகம் முழுவதிலிருந்தும் போட்டி. விமான டிக்கெட்டும் விசாச் செலவும் உங்களுடையது. இது மட்டுமே கிடைக்கும் என்று இருந்துவிடாமல் ஏழெட்டு இடங்களுக்காவது போடட்டும். ஆமர்ஸ்டும் போடொயின் கல்லூரியும் வெளிநாட்டுப் பிள்ளையின் பணவசதியைப் பாராமல் தெரிவுசெய்து, தேவையான உதவியையும் தருகின்றன. இடம் கிடைப்பதுதான் மிகக் கடினம்.

உள்நாட்டுப் பல்கலைக்கழக விண்ணப்பத்தையும் கைவிடாதீர்கள். மட்டக்களப்பும் அம்பாறையும் பின்தங்கிய மாவட்டங்களுக்கான மேலதிக ஒதுக்கீட்டில் வருகின்றன. ஸ்ரீ ஜயவர்த்தனபுரப் பல்கலைக்கழகத்தில் வனவியல், சுற்றாடல் விஞ்ஞானத் துறை இருக்கிறது. வந்தாறுமூலையில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தில் விவசாய பீடம் இருக்கிறது.

பெரும்பாலான கல்லூரிகளுக்கான விண்ணப்பம் ஓகஸ்டில் திறந்து ஜனவரி முதல் வாரங்களில் முடியும். கொழும்பில் அமெரிக்க-இலங்கை ஃபுல்பிரைட் ஆணைக்குழுவில் எடுகேஷன் யுஎஸ்ஏ ஆலோசகர் இருக்கிறார். அடிப்படை ஆலோசனைக்குக் காசு இல்லை. மகளையே எழுதச் சொல்லுங்கள், ஆங்கிலத்துக்கும் பயிற்சியாகும். முகவரிடம் மகளின் கடவுச்சீட்டையோ உயர்தரச் சான்றிதழின் மூலப்பிரதியையோ ஏற்கெனவே கொடுத்திருந்தால், நாளைக்கே போய்த் திருப்பி வாங்குங்கள். மைத்துனரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.