சூடன் எங்கே இருக்கிறது?

கேள்வி: நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவள். இப்போது நியூகாசிலில் வாழ்கிறேன்; கணவர் ஆங்கிலேயர். அடுத்த ஆண்டு மாமியாருக்கு எண்பது வயதாகிறது. அவருடைய பூட்டனார் 1830 வாக்கில் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். இளம் வயதிலேயே எல்லை தாண்டி வந்து, ரோத்பரிப் பக்கத்தில் ஆடு மேய்த்து, இங்கேயே கல்யாணம் செய்து, இங்கேயே இறந்தார். அவர் பிறந்த இடத்துக்கு மாமியை ஒருதரம் கூட்டிப்போக ஆசை. பிறந்த ஊர் என்று 1861 மக்கள் கணக்கெடுப்பில் 'ஸ்காட்லாந்து' என்று மட்டும் இருக்கிறது. 1871இல் 'ராக்ஸ்பரோஷயர்'. 1881இல் 'சூடன்'. அப்படியோர் ஊர் எந்த வரைபடத்திலும் இல்லை; தேடினால் ஆப்பிரிக்க நாடுதான் வருகிறது. எங்கே தொடங்குவது?

பதில்: அன்புச் சகோதரிக்கு, சூடன் இருக்கிறது. வரைபடத்தில் அதற்குப் பெயர் சவுத்டீன். ராக்ஸ்பரோஷயர் மாவட்டத்தின் தென்பகுதியில், ஜெட் ஆற்றின் மேற்பகுதியில், கார்ட்டர் பார் கணவாயை ஒட்டிய பாரிஷ் (ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட வட்டாரம்) அது. அந்தப் பக்கத்துப் பேச்சில் அது 'சூடன்'தான். உங்கள் பூட்டனார் வாயால் சொன்னதைக் கணக்கெடுக்க வந்தவர் காதால் கேட்டபடி எழுதிக்கொண்டு போயிருக்கிறார். 1388இல் ஒட்டர்பர்ன் போருக்குமுன் ஸ்காட்லாந்துப் படை கூடியது இந்த ஊர்த் தேவாலயத்தில்தான் என்பார்கள். அதை எழுதிவைத்த பிரெஞ்சுக்காரர் ஃப்ராய்சார் ஊரின் பெயரை 'ஜெடோன்' என்று எழுதினார். அங்கே எல்லாப் பெயருக்கும் இந்தக் கதைதான். யெத்ஹோம் 'யெட்டம்' ஆகும், ஜெட்பரோ 'ஜெதர்ட்' ஆகும். எல்லைப்புறத்து ஊர்ப்பெயர் ஒன்று பிடிபடாவிட்டால் எழுத்தை விட்டுவிட்டு வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

ஆங்கிலக் கணக்கெடுப்பில் ஸ்காட்லாந்தில் பிறந்தவர்களுக்கு நாட்டின் பெயரை எழுதினாலே போதும் என்பது விதி. அதற்கு மேல் பாரிஷ் வரை எழுதிய ஒருவர் உங்களுக்கு 1881இல் வாய்த்தது பெரிய அதிர்ஷ்டம்.

ஆனால் சவுத்டீன் ஒரு ஊர் இல்லை. செஸ்டர்ஸ் என்ற சின்னக் கிராமம், மற்றபடி மலைச்சரிவுகளில் சிதறிய பண்ணைகள், மேய்ப்பர் வீடுகள். மாமியைக் கூட்டிப்போய் நிறுத்த வேண்டிய இடம் அந்தப் பண்ணைகளில் ஒன்று. அதைக் கண்டுபிடிப்பதில்தான் வேலை இருக்கிறது. இன்னொரு சிக்கலும் உண்டு. 'எங்கே பிறந்தாய்?' என்ற கேள்விக்கு மனிதர்கள் வளர்ந்த ஊரைச் சொல்வது வழக்கம். எல்லைப்புறத்தில் இதை மறக்கவே கூடாது. ஹைண்ட் எனப்படும் பண்ணையாள்கள் ஓராண்டு ஒப்பந்தத்தில்தான் வேலைக்குச் சேர்வார்கள். கெல்ஸோ, ஜெட்பரோ போன்ற ஊர்களில் வசந்தத்தின் தொடக்கத்தில் ஆள் எடுக்கும் சந்தை கூடும். மே மாதம் வந்தால் கட்டில், பெட்டி, கோழிக்கூடு என்று எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு அடுத்த பண்ணைக்குப் போய்விடுவார்கள். ஒரே வீட்டில் ஐந்து பிள்ளைகள் ஐந்து பாரிஷில் பிறந்திருப்பது அங்கே சாதாரணம். மேய்ப்பர்களுக்குக் கூலியில் ஒரு பகுதி சொந்த ஆடுகளாக இருக்கும், முதலாளியின் மந்தையோடு சேர்த்து மேய்த்துக்கொள்ளலாம். அதனால் அவர்களுக்கு இடம் மாறுவது அவ்வளவு லேசில்லை. அப்பாவும் மேய்ப்பராக இருந்தால் உங்கள் தேடல் கொஞ்சம் எளிதாகும்.

அப்பா யார் என்று முதலில் தெரிய வேண்டும். பூட்டனார் கல்யாணம் செய்தது இங்கிலாந்தில் என்பதால் திருமணச் சான்றிதழில் அவருடைய அப்பாவின் பெயரும் தொழிலும் இருக்கும். 1837 ஜூலை முதல் அங்கே அதுதான் முறை. அதை உடனே வாங்குங்கள். அவருடைய இறப்புச் சான்றிதழுக்குக் காசு செலவழிக்க வேண்டாம்; அந்தக் காலத்து ஆங்கில இறப்புச் சான்றிதழில் பெற்றோர் பெயர் இருக்காது.

இனிச் சொல்லப்போவதுதான் என் பதிலின் உயிர். பூட்டனாரைத் தேடுவதை நிறுத்திவிட்டு, அவரோடு கூடப்பிறந்து ஸ்காட்லாந்திலேயே தங்கிவிட்டவர்களைத் தேடுங்கள். ஸ்காட்லாந்தில் அரசுப் பதிவு தொடங்கியது 1855 ஜனவரி 1 அன்று. அன்றிலிருந்து அங்கே இறந்த ஒவ்வொருவரின் பதிவிலும் அப்பா பெயர், அம்மாவின் பெயர், அம்மாவின் பிறந்தவீட்டுக் குடும்பப்பெயர் மூன்றையும் கேட்டு எழுதினார்கள். ஓர் அண்ணனோ தங்கையோ 1890இல் ஜெட்பரோவில் இறந்திருந்தால், அந்த ஒரு பக்கம் உங்கள் பூட்டனாரின் அம்மாவை உங்களுக்குக் காட்டிவிடும். அம்மாவின் குடும்பப்பெயர் இல்லாமல் அந்தப் பகுதியில் தேட முடியாது. டர்ன்புல், ஆலிவர், எலியட், ரதர்ஃபோர்ட் என்று நாலைந்து பெயர்களையே ஆயிரக்கணக்கான பேர் வைத்திருந்த ஊர்கள் அவை.

கூடப்பிறந்தவர்களைப் பிடிக்க 1851 கணக்கெடுப்புதான் வழி. 1841இல் இந்த மாவட்டத்தில் பிறந்தவரா இல்லையா என்று மட்டுமே கேட்டார்கள். 1851இல் ஸ்காட்லாந்தில் பாரிஷ் பெயரையே எழுதினார்கள். அப்பாவும் அம்மாவும் அன்று உயிரோடு இருந்தால், வீட்டில் இருந்த பிள்ளைகளின் பிறந்த பாரிஷ்களை வயது வரிசையில் படியுங்கள். குடும்பம் எந்த ஆண்டு எந்தப் பக்கம் நகர்ந்தது என்பது அப்படியே தெரியும். 1830ஐ ஒட்டி அவர்கள் எங்கே இருந்தார்கள் என்பதும் அதிலேயே வரும்.

அப்புறம்தான் ஞானஸ்நானப் பதிவேடு. 1855க்கு முந்தைய பாரிஷ் பதிவேடுகள் எல்லாம் ஸ்காட்லாந்தின் தேசிய ஆவணக் காப்பகம் நடத்தும் 'ஸ்காட்லாந்ஸ்பீப்பிள்' தளத்தில் இருக்கின்றன. பெயர்ப் பட்டியலில் தேடுவதற்குக் காசில்லை, பக்கத்தின் படத்தைப் பார்க்கத்தான் காசு. பட்டியலோடு நின்றுவிடாமல் படத்தையும் கட்டாயம் பாருங்கள். பட்டியலில் பெயரும் தேதியும் பாரிஷும்தான் வரும். படத்தில்தான் குருவானவர் எழுதிய முழு வரி இருக்கும்: இன்னாரின் மகன், அப்பா இன்ன இடத்தில் மேய்ப்பர் என்று. அந்த 'இன்ன இடம்' நீங்கள் தேடும் பண்ணை.

சவுத்டீனில் இல்லையென்றால் மனம் உடைய வேண்டாம். சுற்றியுள்ள ஹாப்கர்க், ஜெட்பரோ, ஆக்ஸ்நம், பெட்ரூல் ஆகியவற்றையும் பாருங்கள். முன்பு ஆபட்ரூல் என்று தனி பாரிஷ் ஒன்று இருந்தது. 1777இல் அதைக் கலைத்துச் சவுத்டீனுக்கும் ஹாப்கர்க்குக்கும் பிரித்துக் கொடுத்தார்கள்.

அங்கேயும் இல்லையா? அப்படியானால் குடும்பம் அரசுத் திருச்சபையில் இல்லாமலிருந்திருக்கலாம். எல்லைப்புறத்தில் பிரிந்துபோன சபைகள் வலுவாக இருந்தன. 1761இல் பிறந்த ரிலீஃப் சபையைத் தொடங்கியவர்களில் ஜெட்பரோ குருவானவரும் ஒருவர். அந்தச் சபைகளின் ஞானஸ்நானங்கள் பாரிஷ் பதிவேட்டில் வராது, தனியாகத் தேட வேண்டும். பெற்றோரின் கல்யாணப் பதிவு கிடைக்காததற்கும் இதுபோல் காரணம் உண்டு. கோல்ட்ஸ்ட்ரீம் பாலம், லாம்பர்டன் சுங்கச்சாவடி போன்ற இடங்களில் போய்ச் சாட்சி வைத்துச் செய்துகொண்ட கல்யாணங்களும் அந்தக் காலத்தில் ஸ்காட்லாந்தில் செல்லுபடியாயின. பிறகு பாரிஷ் மூப்பர்கள் கூப்பிட்டுக் கண்டித்து எழுதிவைத்திருப்பார்கள். அந்த மூப்பர் சபைக் குறிப்பேடுகளும் அதே தளத்தில் இலவசமாகப் பார்க்கக் கிடைக்கின்றன. கையெழுத்தைப் படிக்கப் பொறுமை வேண்டும், ஆனால் ஏழை வீட்டுக் கதைகள் அங்கேதான் இருக்கின்றன.

பண்ணையின் பெயர் கிடைத்ததும் அது இன்றைய வரைபடத்தில் இல்லையே என்று திகைப்பீர்கள். ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் வரைபடத் தளத்துக்குப் போங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் அளந்த, ஒரு மைலுக்கு ஆறு அங்குலம் என்ற கணக்கில் வரைந்த வரைபடத்தை இன்றைய வரைபடத்தின்மேல் வைத்துப் பார்க்கலாம். தனி மேய்ப்பர் வீடு, ஆட்டுப்பட்டி எல்லாம் அதில் குறித்திருக்கும். அந்த அளவைக்காக எழுதிய பெயர்ப் புத்தகங்களும் உண்டு. ஒவ்வோர் இடத்துக்கும் பெயரை எத்தனை விதமாக எழுதினார்கள், எந்த எழுத்தே சரி என்று உள்ளூரில் யார் சொன்னார்கள், அங்கே இருப்பது என்ன என்று வரிசையாக இருக்கும். எனக்கு மிகவும் பிடித்த ஆவணம் இது. இணையத்தில் படிக்கலாம். நேரில் கேட்க வேண்டுமென்றால் ஹாயிக் ஊரில் ஹெரிடேஜ் ஹப் என்ற ஆவணக் காப்பகம் இருக்கிறது.

குடும்பம் சொல்லும் பிறந்த ஆண்டை இரும்பாகப் பிடித்துக்கொள்ளாதீர்கள். எட்ரிக் பள்ளத்தாக்கின் மேய்ப்பர் கவிஞர் ஜேம்ஸ் ஹாக் தான் 1772 ஜனவரி 25 அன்று பிறந்ததாகச் சொல்லிவந்தார். பாரிஷ் பதிவேட்டில் அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்த நாள் 1770 டிசம்பர் 9. அத்தனை பெயர் பெற்றவருக்கே அப்படி. உங்கள் தேடலை 1826 முதல் 1834 வரை விரித்து வையுங்கள்.

போகிற விஷயம். உங்கள் ஊரிலிருந்து கார்ட்டர் பார் வழியாகக் காரில் ஒரே நாளில் போய்த் திரும்பலாம். அந்த மலைப்பக்கத்தில் இருபதாம் நூற்றாண்டில் வோக்கோப் காடு வளர்க்கப்பட்டது. பழைய மேய்ப்பர் வீடு கிடைத்தாலும் மரங்களுக்கு நடுவில் சுவரடியாக மட்டும் இருக்கலாம். மாமியிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். 2003 சட்டப்படி ஸ்காட்லாந்தில் வீட்டையும் அதன் தோட்டத்தையும் விட்டு மற்றப் பெரும்பாலான நிலங்களில் பொறுப்போடு நடந்துபோக யாருக்கும் உரிமை உண்டு. ஏப்ரல், மே மாதங்கள் ஆடு குட்டி போடும் காலம். அதைத் தவிர்த்து ஜூனில் போங்கள். எண்பது வயதுக்காரருக்கு அப்போது தரையும் காய்ந்திருக்கும்.

திருமணச் சான்றிதழ் கைக்கு வந்ததும் அப்பாவின் பெயரையும் தொழிலையும் எனக்கு எழுதுங்கள். 1851 கணக்கெடுப்பில் எந்த வீடு உங்களுடையது என்று சேர்ந்து பார்ப்போம்.