கட்டிங் மெஷின் போட்டதும் எம்சிபி (மின்னோட்டம் அளவு மீறினால் தானாக அணைந்துவிடும் ஸ்விட்ச்) விழுகிறதா?

16 ஆம்பியர் எம்சிபியை 32க்கு மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். 32 ஆம்பியருக்கு மாற்றாதீர்கள். அதே 16 ஆம்பியரிலேயே 'சி' வகை எம்சிபி போடச் சொல்லுங்கள்.

கார் ஷெட்டில் 2200 வாட் கட்டிங் மெஷின், முதல் தடவை விழுகிறது, உடனே மறுபடி போட்டால் ஓடுகிறது என்கிறீர்கள். ஓடும்போது அது இழுப்பது சுமார் 10 ஆம்பியர்தான். நின்ற இடத்திலிருந்து கிளம்பும் நொடியில் பல மடங்கு இழுக்கும். இரண்டாவது தடவை கல் (வெட்டும் வட்டு) இன்னும் சுற்றிக்கொண்டிருப்பதால் இழுப்பு குறைகிறது. எம்சிபியின் முகப்பைப் பாருங்கள். 'பி16' என்றிருந்தால் 16 ஆம்பியரின் 3 முதல் 5 மடங்குக்குள் விழுந்துவிடும். 'சி16' என்றால் 5 மடங்கு வரையாவது தாங்கும்.

ஏற்கெனவே 'சி'யாக இருந்தால், பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கல்லைக் கையால் சுற்றிப் பாருங்கள். கரகரவென்றோ இறுக்கமாகவோ சுற்றினால் பேரிங்தான் கோளாறு.

ஒயரையும் பார்த்துவிடுங்கள். வீட்டிலிருந்து ஷெட்டுக்கு வருவது 1.5 சதுர மி.மீ. ஒயர் என்றால் போதாது, 2.5 செம்பு, தூரம் அதிகமென்றால் 4. எக்ஸ்டென்ஷன் பாக்ஸின் ஒயரைச் சுருட்டியபடியே வைத்து வேலை செய்யவே செய்யாதீர்கள். என் ஷெட்டில் அப்படி வைத்து, உள்சுற்று ஒயர் மெழுகு மாதிரி இளகி ஒன்றோடொன்று ஒட்டிப்போனது. தொட்டபோதுதான் தெரிந்தது.

ஒன்று மட்டும்: விழுவது எம்சிபி இல்லாமல் 'டெஸ்ட்' பட்டன் உள்ள ஆர்சிசிபி (மின்கசிவு இருந்தால் அணைந்துவிடும் ஸ்விட்ச்) என்றால், அது மின்கசிவு. மெஷினைத் தொடாமல் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.