ஹங்கேரியின் ஏப்ரிகாட் பாலின்கா: கேள்வி பதில்

கேள்வி: ‘ஏப்ரிகாட் பிராந்தி’ என்று எழுதிய புட்டி ஒன்றை வாங்கினேன், பாகுபோல் இனித்தது. பாலின்கா என்பது இதுதானா?

பதில்: அன்று. ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் அப்பெயரைச் சர்க்கரை சேர்த்த லிக்கர் (liqueur) என்னும் இனிப்பு மதுவுக்கும் அனுமதிப்பதே இக்குழப்பத்துக்குக் காரணம். பாலின்கா பழத்தை மட்டுமே நொதிக்கவைத்து வாலையில் வடிப்பது, சர்க்கரை, நிறமி, மணமூட்டி எதையும் அதில் சேர்க்கலாகாது, ஆல்கஹால் 37.5 விழுக்காட்டுக்குக் குறையவும் கூடாது.

கேள்வி: இதற்குக் கெச்கெமேட் நகரம் பெயர்பெற்றது ஏன்?

பதில்: டான்யூப், டிசா ஆறுகளுக்கு இடைப்பட்ட மணற்பாங்கான சமவெளியில் ஏப்ரிகாட் தோப்புகள் பெருகியதே காரணம். வடகிழக்கிலுள்ள கோன்ட்ஸ் ஊரின் ஏப்ரிகாட் பாலின்காவுக்கும் புவிசார் குறியீடு உண்டு. ஹங்கேரிய மொழியில் ‘பராட்ஸ்க்’ என்ற ஒரே சொல் ஏப்ரிகாட்டையும் பீச் பழத்தையும் குறிக்கும் என்பதால், புட்டியில் ஏப்ரிகாட்டை மட்டும் குறிக்கும் ‘கய்சி’ என்ற சொல் இருந்தால் ஐயத்துக்கு இடமில்லை.

கேள்வி: கொட்டையோடு சேர்த்து வடிப்பார்களா?

பதில்: கவனமுள்ள வடிப்பாளர் கொட்டையை முதலிலேயே நீக்கிவிடுவார். உடைந்த பருப்பிலுள்ள அமிக்டலின் என்ற வேதிப்பொருள் சிதையும்போது ஹைட்ரஜன் சயனைடு உண்டாகிறது. இது கசப்புக்கும் மேலான ஆபத்து. நன்கு கனிந்த பழக்கூழைக் குறைந்த வெப்பநிலையிலேயே நொதிக்கவிட்டு, பின் செப்புக் கொதிகலனில் இருமுறை வடிப்பது ‘கிஷ்யுஷ்டி’ எனப்படும் பழைய முறை. கொதிகலன் 1000 லிட்டருக்கு மேற்படக் கூடாது என்பது விதி. இரண்டாம் வடிப்பில் முதலில் வரும் காரநெடி மிக்க பகுதியையும் கடைசியில் வரும் கனத்த பகுதியையும் ஒதுக்கி, நடுவில் வருவதை மட்டும் எடுப்பார்கள். எந்த நொடியில் பிரித்தெடுப்பது என்பதை மூக்குதான் தீர்மானிக்கிறது. இங்கே பேராசைப்பட்டவரின் சரக்கை ஒரு முகர்விலேயே கண்டுகொள்ளலாம்.

கேள்வி: ஆஸ்திரியரும் ‘பாலின்கா’ என்ற பெயரைப் பயன்படுத்துகிறார்களே?

பதில்: கீழ் ஆஸ்திரியா, பர்கன்லாந்து, ஸ்டிரியா, வியன்னா ஆகிய நான்கு மாநிலங்களுக்கு மட்டும், அதுவும் ஏப்ரிகாட் வடிப்புக்கு மட்டும் அவ்வுரிமை உண்டு.

கேள்வி: வீட்டில் வடிக்கலாமா?

பதில்: 2010-இல் ஹங்கேரி அரசு வீட்டுக்கு ஆண்டுக்கு 50 லிட்டர் வரை வரியின்றி அனுமதித்தது, அவ்வரிவிலக்கு ஒன்றியச் சட்டத்துக்கு முரணானது என்று 2014-இல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

கேள்வி: ஐஸ் சேர்க்கலாமா?

பதில்: வேண்டாம். குளிரில் பழமணம் அடங்கிவிடும். 18 முதல் 20 பாகை வெப்பத்தில், வாய் குறுகிய துலிப் வடிவக் கிண்ணத்தில் சிறிதளவு ஊற்றி, முதலில் முகர்ந்து பாருங்கள்.