15 வயதில் பாலேயைத் தொழிலாகத் தேர்ந்தெடுக்கலாமா?

கேள்வி: என் மகனுக்கு 15 வயது. மூன்று ஆண்டுகளாக வாரம் இரண்டு நாள் பாலே கற்கிறான். இதையே தொழிலாகக் கொள்ள விரும்புகிறான். காலம் கடந்துவிட்டதா? எத்தனை வயது வரை ஆட முடியும்?

பதில்: காலம் கடந்துவிடவில்லை, ஆனால் வாரம் இரண்டு நாள் பயிற்சி இனிப் போதாது. பின்னாளில் உலகப் புகழ்பெற்ற ரஷ்ய பாலே கலைஞர் ருடால்ஃப் நூரியேவ் 1955இல் லெனின்கிராடு பாலே பள்ளியில் சேர்ந்தபோது அவருக்கு 17 வயது. 1958இலேயே அந்நகரின் புகழ்பெற்ற பாலே குழுவான கீரோவின் மேடையில் நின்றார். அவரைப் போன்றவர்கள் அரிது என்பதால், அந்த உதாரணத்தை நம்பி இருந்துவிடாமல், முழுநேரத் தொழிற்பள்ளி ஒன்றின் தேர்வுக்கு இந்த ஆண்டே மகனை அனுப்புங்கள். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் ஆண்டுதோறும் நடக்கும் பாலே போட்டி 15 முதல் 18 வயதினருக்கானது; பள்ளிகளும் குழுக்களும் இளைஞர்களைக் கூர்ந்து பார்க்கும் வயது இதுதான்.

இந்த வயதில் உயரம் திடீரெனக் கூடும்போது எலும்பின் வளர்ச்சிக்குத் தசைகள் ஈடுகொடுக்கத் தாமதமாகும். சென்ற மாதம் எளிதாக உயர்ந்த கால் இந்த மாதம் உயராது. சுழற்சியில் சமநிலை தவறும். இதைத் திறமைக் குறைவு என்று பையனும் பெற்றோரும் எண்ணிவிடுவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. அம்மாதங்களில் தாவல்களைக் குறைப்பதே சரி. கூட்டினால் முழங்காலிலும் குதிகாலிலும் வலி தொடங்கும்.

பையன்களுக்கு உயரத் தாவுவதில் ஆசை அதிகம். தேர்வாளரின் கண்ணோ அவர்கள் தரையிறங்கும் விதத்தில்தான் இருக்கும். காற்றில் இருமுறை சுழன்று இரு பாதங்களும் நெருங்கிச் சேரும் ஐந்தாம் நிலையில் இறங்கும் 'டபுள் தூர்' என்ற அசைவில், முதலில் விரல்நுனி, பிறகு முன்பாதம், கடைசியாகக் குதிகால் என்று பாதம் படிப்படியாகத் தரையில் பதிய வேண்டும். முழங்கால் விரல்களின் திசையிலேயே மடங்க வேண்டும். குதிகால் பதியாமல் அடுத்த தாவலுக்குப் பாய்வது வழக்கமானால், அதிர்ச்சியெல்லாம் கணுக்காலிலும் முன்னங்காலெலும்பிலும் சேர்ந்து பின்னாளில் எலும்பில் விரிசலாகக்கூட முடியலாம்.

இதற்கு இணையாக முக்கியமானது, இணை நடனத்தில் துணைவரைத் தாங்கும் பயிற்சி. தூக்குவது கைபலத்தால் ஆகும் காரியமன்று: துணைவர் முழங்கால் மடக்கும்போது தாங்குபவரும் மடக்கி, துணைவர் எழும்பும் அதே கணத்தில் கால்களின் விசையோடு மேலே செலுத்த வேண்டும். அரைத் தாளம் பிந்தினாலும் முழு எடையும் தாங்குபவரின் கீழ்முதுகில் விழும். ஆண் கலைஞர்கள் பலர் அடிபடுவது அங்கேதான். நம்பித் தாங்கக்கூடிய ஆண் கலைஞருக்கு எந்தக் குழுவிலும் வேலை உண்டு என்பது என் உறுதியான கருத்து. பார்வையாளர் கைதட்டும் சுழற்சிகளைவிட இத்திறனே ஒருவரைப் பல பருவங்கள் குழுவில் நிலைக்க வைக்கிறது.

குழுவில் சேர்ந்ததும் பெரும்பாலும் குழு நடனக் கலைஞராகத் தொடங்கி, தனி நடனக் கலைஞராகி, சிலர் மட்டுமே முதன்மைக் கலைஞராவார்கள். பாரிஸ் ஓபராவின் பாலே குழுவில் இப்படி ஐந்து படிநிலைகள் உண்டு. அங்கு ஓய்வு வயது 42. மற்ற இடங்களில் பலர் முப்பதுகளின் பிற்பகுதியிலேயே மேடையிலிருந்து விலகுகிறார்கள். லண்டனின் ராயல் பாலே குழுவில் முதன்மைக் கலைஞராக இருந்த கார்லோஸ் அகோஸ்டா 2020 முதல் பர்மிங்ஹாம் ராயல் பாலேயின் இயக்குநராக இருக்கிறார்; ஆனால் அத்தகைய பதவிகள் மிகச் சில. பெரும்பாலோர் ஆசிரியராகவோ ஒத்திகைப் பயிற்றுநராகவோ ஆகிறார்கள், அல்லது வேறு படிப்பைத் தொடங்குகிறார்கள். ஆகையால் பள்ளிக் கல்வியை இடையில் நிறுத்த விடாதீர்கள். முதல் ஒப்பந்தம் கைக்கு வரும்போது, அது எத்தனை மாதங்களுக்கானது, காயத்தால் ஆட முடியாத வாரங்களில் ஊதியம் உண்டா, சிகிச்சைச் செலவு யாருடையது என்ற மூன்றையும் கையெழுத்துக்கு முன்பே எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.