வான்கோழி வேட்டை: எந்தத் தோட்டா, எத்தனை கெஜம்?

தம்பி, அமெரிக்காவின் மிசௌரிக்கு வந்து ஆறு மாதம் ஆகிறது, ஆபீஸ் நண்பர் ஏப்ரலில் வான்கோழி வேட்டைக்குக் கூப்பிடுகிறார், தன் 12 கேஜ் ஷாட்கன்னையே தருகிறார், எந்தத் தோட்டா வாங்குவது, எவ்வளவு தூரத்தில் சுடலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். பதினான்கு வருடமாகப் போய்வருகிறேன், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் விசா. எச்1பி மாதிரி தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியைத் தொடுவதற்கே இங்கே மத்தியச் சட்டம் தடை போடுகிறது, தோட்டாவுக்கும் அதே கதிதான். மாநிலம் கொடுத்த செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருந்தால் விலக்கு உண்டு. ஆகவே உரிமம் வந்த பிறகே தோட்டாக் கடைக்குப் போங்கள். உங்கள் வயதுக்காரர்கள் அதற்கு முன்னால் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு முடித்திருக்க வேண்டும்.

சரி, தோட்டா. வான்கோழியை உடம்பில் சுடக்கூடாது. சிறகும் நெஞ்சுக்கறியும் ரவையை, அதாவது தோட்டாவுக்குள் இருக்கும் சின்னச் சின்ன உலோகக் குண்டுகளை, தாங்கிக்கொள்ளும், பறவை ஓடிப்போய் எங்காவது புதரில் கிடந்து சாகும். தலையும் கழுத்தும்தான் குறி. அவ்வளவு சின்ன இடத்தில் நிறைய ரவை விழ வேண்டும் என்பதால் பொடி ரவைதான் சரி. ரவையின் அளவை நம்பரால் சொல்வார்கள், நம்பர் கூடக் கூட ரவை சிறுத்துக்கொண்டே போகும். மிசௌரியில் 4-ஆம் நம்பரைவிடப் பெரியது சட்டப்படியும் கூடாது. ஈயத்தில் 4, 5, 6 மூன்றுமே ஓடுகின்றன. நான் போடுவது 5. மூன்று அங்குல நீளத் தோட்டாவில் 1¾ அவுன்ஸ், ஏறக்குறைய 300 ரவை. நண்பரின் துப்பாக்கி மூன்று அங்குலம் ஏற்குமா என்று குழலில் பொறித்திருப்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். மூன்றரை அங்குலம் வேண்டாம், தோளில் உதைக்கும் உதையில் அடுத்த முறை கண்ணை மூடிக்கொண்டுதான் சுடுவீர்கள். டங்ஸ்டன் ரவை ஈயத்தைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் அடர்த்தி, 9-ஆம் நம்பர் பொடிகூட ஆழமாக இறங்கும். நல்ல சரக்குதான், ஆனால் விலை அதிகம். முதல் வருடத்துக்கு ஈயமே போதும்.

தோட்டா வாங்கியதும் நேரே காட்டுக்குப் போகாதீர்கள். பெரிய தாளில் பத்து அங்குல வட்டம் வரைந்து, 40 கெஜத்தில் நிறுத்திச் சுட்டுப் பாருங்கள். வட்டத்துக்குள் நூறு ஓட்டை விழ வேண்டும் என்பது இங்கே பழைய கணக்கு. என் துப்பாக்கியில் ஒரு கம்பெனித் தோட்டா அறுபதுதான் போட்டது, அதே நம்பர் அதே எடையில் இன்னொன்று நூற்றுப் பத்து போட்டது. குழல் முனையில் திருகியிருக்கும், ரவை விரிவதைக் கட்டுப்படுத்தும் சோக்கும் தோட்டாவும் ஒத்துப்போவதைப் பொறுத்த விஷயம் இது. பெட்டியில் அச்சடித்திருப்பதை நம்பாதீர்கள். 40-இல் நூறு விழவில்லையா, 35-இல் வைத்துப் பாருங்கள், அங்கே விழுந்தால் அதுதான் உங்கள் எல்லை.

இரண்டாவது வருடம் அறுபது கெஜத்தில் நின்ற வான்கோழிச் சேவலைச் சுட்டேன். ஆசைதான் காரணம். விழுந்தது, எழுந்தது, ஓடிவிட்டது. மதியம் வரை தேடியும் ரெண்டு இறகுதான் கிடைத்தது. அன்றிலிருந்து ஈயத்தில் 40-ஐத் தாண்டுவதில்லை. உட்கார்ந்ததும் நாற்பது தப்படி அளந்து ஒரு மரத்தை மனதில் குறித்துக்கொள்வேன், சேவல் அந்த மரத்துக்கு இப்பால் வந்து கழுத்தை நீட்டினால்தான் விரல் நகரும். ரொம்பக் கிட்டே வந்தாலும் சிக்கல் உண்டு. பத்து கெஜத்தில் ரவை முழுதும் கைமுட்டி அளவுக்குத்தான் விரிந்திருக்கும், இம்மி விலகினாலும் மொத்தமும் காற்றில் போகும். 25, 30 கெஜம்தான் தோதான தூரம்.

அப்புறம், சேவலின் தலை சிவப்பு, வெள்ளை, நீலம். இந்த மூன்று நிறமும் உங்கள் மேல் எங்கும் தெரியக்கூடாது, வேறொரு வேட்டைக்காரர் உங்களையே பறவை என்று நினைத்துவிடலாம். உள்ளே போடும் வெள்ளை பனியன்கூட வேண்டாம், கழுத்தோரம் எட்டிப் பார்க்கும்.