எகிறிக் குதிக்க எத்தனை ஸ்குவாட்?

கேள்வி: கல்லூரி வாலிபால் அணியில் அட்டாக்கராக ஆடுகிறேன், வயது 19. எகிறும் உயரத்தைக் கூட்டுவதற்காக மூன்று மாதங்களாக மொட்டை மாடியில், பத்து கிலோ மணல் பையைத் தோளில் வைத்துக்கொண்டு தினமும் நூறு ஜம்ப் ஸ்குவாட் (குந்தி, அங்கிருந்து எகிறிக் குதிப்பது) எடுக்கிறேன். உயரம் கூடவில்லை, முழங்கால் சில்லுக்குக் கீழே வலிதான் வந்திருக்கிறது. எங்கே தவறு?
— ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: தவறு உங்கள் உழைப்பில் இல்லை, எண்ணிக்கையில் இருக்கிறது. ஆண்கள் வாலிபாலில் நெட்டின் உயரம் 2.43 மீட்டர், அதற்கு மேல் கை எழும்ப வேண்டுமென்றால், கால் தரையை உந்துகிற ஒரு நொடிக்கும் குறைவான நேரத்துக்குள் முழு பலமும் வெளிப்பட்டாக வேண்டும். நீங்கள் எடுக்கும் நூறில் முதல் ஐந்தாறு மட்டுமே அப்படிப்பட்டவையாக இருக்கும். மற்றவற்றில் களைத்த தசைகள் மெதுவாகக் குதிக்கவே பழகுகின்றன. விரல் நுனியில் சாக்பீஸ் தூளைத் தடவிக்கொண்டு சுவரோரம் நின்று குதித்துப் பாருங்கள். தடம் எந்தக் குதிப்பில் கீழிறங்கத் தொடங்குகிறதோ, அங்கேயே அன்றைய பயிற்சியை முடித்துவிட வேண்டும்.

மணல் பையையும் இறக்கி வைத்துவிடுங்கள். ஜம்ப் ஸ்குவாட்டில் ஆற்றல் உச்சத்தைத் தொடுவது பெரும்பாலும் சொந்த உடல் எடையில்தான். பளு தேவையில்லை என்று சொல்லவில்லை; அதன் இடம் குதிக்காமல் நிதானமாக எடுக்கும் ஸ்குவாட்டில். உயரத்திலிருந்து இறங்கிய வேகத்தில் உடனே மேலெழும்பும் பயிற்சியை 1960களில் வகுத்த சோவியத் பயிற்றுநர் யூரி வெர்கோஷான்ஸ்கி, அதைப் பளுப் பயிற்சியால் கால்களை முன்பே உறுதியாக்கிக்கொண்ட வீரர்களுக்குத்தான் வைத்தார். கைப்பேசியில் வரும் அரை நிமிட வீடியோக்கள் இந்த முன்பாதியைச் சொல்வதே இல்லை.

வலிக்கு வருவோம். நீங்கள் குறிப்பிடும் இடம், முழங்கால் சில்லைக் கால் எலும்போடு பிணைக்கும் தசைநாணாக இருக்கலாம். கான்கிரீட் தரையில் ஓய்வின்றிக் குதிப்பவர்களுக்கு அது நோவது வழக்கம். பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள். அதுவரை குதிக்க வேண்டாம். ஆனால் காலை முற்றிலும் முடக்கிவிடவும் வேண்டாம். வலி கூடாத ஆழம் வரை மெதுவாக உட்கார்ந்து எழுவது பொதுவாக நன்மையே செய்யும்.

மீண்டும் தொடங்கும்போது முதல் இரண்டு வாரம் மேலே குதிக்காமல், கீழே இறங்க மட்டும் பழகுங்கள். ஒரு படிக்கட்டு உயரத்திலிருந்து மண் தரையில் இறங்கி, இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி, அசையாமல் மூன்று நொடி நிற்க வேண்டும். பாதம் 'தொப்' என்று அறைந்தால் அதிர்ச்சியைத் தசைகள் வாங்கவில்லை, மூட்டு வாங்கியிருக்கிறது என்று பொருள். நண்பர் ஒருவரை எதிரில் நின்று வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். முழங்கால்கள் ஒன்றையொன்று நோக்கிச் சாய்கின்றனவா என்பது செய்பவருக்குத் தெரியாது.

பிறகு, பாதி குந்திய நிலையில் இரண்டு நொடி நின்று எகிறுங்கள். அதன்பின் நின்ற நிலையிலிருந்து சட்டென்று தாழ்ந்து எகிறுங்கள். தாழும்போது இழுபடும் தசையும் தசைநாணும் ரப்பர் போலத் திருப்பி உந்துவதால் இரண்டாவதில்தான் உயரம் கூட வேண்டும். கூடவில்லையென்றால், தாழ்வதில் வேகம் போதவில்லை. ஒரு சுற்றுக்கு நான்கைந்து, மொத்தம் நான்கு சுற்றுகள், இடையில் இரண்டு நிமிட ஓய்வு, வாரத்துக்கு இரண்டே நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மைதானத்தில் ஸ்மாஷுக்கும் பிளாக்குக்கும் குதிப்பதும் கணக்கில் சேரும் என்பதால், மேட்ச் வாரத்தில் இதிலும் பாதியே போதும்.

கேள்வி: என் மகளுக்கு 13 வயது; நீளம் தாண்டுதலில் பங்கேற்கிறாள். குதிப்புப் பயிற்சி செய்தால் வளர்ச்சி நின்றுவிடும் என்று உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள்.
— ஒரு வாசகி, கரூர்

பதில்: நிற்காது. பாண்டி ஆடும் பிள்ளைகள் நாள் முழுக்கக் குதித்துக்கொண்டுதானே வளர்கிறார்கள்! ஆனால் மளமளவென்று உயரும் பருவத்தில், முழங்காலுக்குக் கீழே எலும்பு புடைத்து, அழுத்தினால் வலிப்பதாக அவள் சொன்னால் அலட்சியப்படுத்தாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். இந்த வயதுப் பெண்களுக்குத் தரையிறங்கும்போது முழங்கால் உள்ளே சாயும் பழக்கம் அதிகம். அது முழங்கால் தசைநார் கிழியும் அபாயத்தைக் கூட்டும். அதனால் பளு, உயர மேடை எதுவும் இல்லாமல், மேலே சொன்ன இறங்கும் பயிற்சியையே அவளுக்கும் முதலில் கொடுங்கள்.