மாடியில் வளர்ந்த வணிகக் கல்வி

கேள்வி: எங்கள் தெருமுனையில் மருந்துக்கடை மாடியில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் ரொம்ப காலமாக இருந்தது. இப்போது பலகையை மாற்றி 'பிசினஸ் காலேஜ்' என்று எழுதிவிட்டார்கள். மாடியில் கிடந்ததெல்லாம் கல்லூரி ஆகிற அளவுக்குத் தனியார் வணிகக் கல்லூரிகள் எப்படி வளர்ந்தன? என் மகளை அங்கே பி.பி.ஏ. சேர்க்கலாமா?
- வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: மகள் விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன், அம்மா. 'மாடியில் கிடந்தது' என்று எழுதியிருக்கிறீர்களே, அதை அப்படியே விட்டுவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை.

வட சென்னையில் வணிகக் கல்வி ஏழைபாழைகளின் கைக்கு எட்டியது என்றால், அது கடை மாடிகளில்தான் எட்டியது. கீழே மருந்துக்கடை அல்லது பாத்திரக்கடை. பக்கவாட்டில் ஓர் ஆள் மட்டும் ஏறக்கூடிய படி. மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் வரிசையாக ரெமிங்டன், கோத்ரெஜ், ஃபேசிட் மிஷின்கள். ஒவ்வொன்றின் முதுகிலும் வெள்ளை பெயின்டில் ஒரு நம்பர். புதிதாகச் சேர்ந்த பெண் 'ஏ எஸ் டி எஃப் ஜி எஃப்' என்று தாளை நிரப்பிக்கொண்டிருப்பாள். பக்கத்து மிஷினில், லோயர் என்ற முதல் கட்டத்தைத் தாண்டி ஹையர் பரீட்சைக்குப் போகிறவர், நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கடிதம் அடித்துக்கொண்டிருப்பார். மில் தொழிலாளியின் மகன், மீன் ஏலம் எடுப்பவரின் மகள், துறைமுகத்தில் மூட்டை தூக்குபவரின் தம்பி எல்லோரும் அங்கேதான். ஒரு மணி நேரம் அடித்துவிட்டு இறங்கிப் பள்ளிக்கூடத்துக்கோ வேலைக்கோ போவார்கள்.

அந்த மாடிகளுக்கு ஒரு கௌரவம் இருந்தது. அது எங்கிருந்து வந்தது என்று யாரும் பேசுவதில்லை. சொல்லிக்கொடுப்பது மாடிக்காரர், பரீட்சை வைப்பது அரசாங்கத்தின் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம். லோயர் என்றால் நிமிடத்துக்கு 30 சொல், பத்து நிமிடத்தில் 1500 தட்டு. ஹையர் என்றால் 45 சொல், 2250 தட்டு. பணம் வாங்கிக்கொண்டு பாஸ் போட இன்ஸ்டிடியூட்காரரால் முடியாது. நன்றாகச் சொல்லிக்கொடுத்தால் பிள்ளை தேறும், நாலு பிள்ளைகள் தேறினால் நாற்பது பேர் சேருவார்கள். அவ்வளவுதான் அவருடைய விளம்பரம். பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் பரீட்சை வந்தால் மிஷினையும் மையத்துக்கு அவர்தான் கொண்டுபோக வேண்டும். மீன்பாடி வண்டியில் சாக்கு விரித்து, மிஷின்களைப் பழைய பெட்ஷீட்டில் சுற்றி அடுக்கி, கயிறு போட்டு இறுக்கி, குழியில் வண்டி இறங்கும்போதெல்லாம் கையால் அணைத்துப் பிடித்துக்கொண்டே மாஸ்டர் பக்கத்தில் நடந்து வருவார். தன் பிள்ளைகளின் பரீட்சைக்காகத் தார் ரோட்டில் இப்படி நடந்து வந்த பிரின்சிபால் யாரையும் நான் பார்த்ததில்லை. டைப் லோயரும் ஹையரும் முடித்த பிள்ளைகள் இன்றைக்கும் குரூப் 4 எழுதித் தட்டச்சர் வேலைக்குப் போகிறார்கள். டைப்பிங் செத்துவிட்டது என்று வருஷம் தவறாமல் இந்தப் பக்கத்துக்கு எழுதும் நண்பர் இதைக் கவனிக்கட்டும்.

சரி, வரலாறு கேட்டீர்கள். சென்னையில் பாதிரிமார் இல்லாமல் ஊர்க்காரர் பணத்தில் கல்லூரி என்ற சமாச்சாரமே வட சென்னையில், அதுவும் வியாபாரப் பணத்தில் பிறந்ததுதான். பச்சையப்ப முதலியார் கல்விமான் இல்லை. வெள்ளைக்காரர்களின் வியாபாரத்துக்கு நடுவில் நின்று பொருள் சேர்த்த துபாஷி. 1794இல் இறக்கும்போது உயில் எழுதி வைத்தார். கோயில் தர்மத்துக்கு என்று எழுதிய பணம் பல ஆண்டுகள் வழக்கில் சிக்கிக் கிடந்தது. பெருகிக் கிடந்த மிச்சத்தில்தான் 1842இல் பள்ளிக்கூடம் வந்தது. 1850இல், இன்றைய என்.எஸ்.சி. போஸ் ரோட்டில், கிரேக்கக் கோயில் மாதிரித் தூண் வைத்த அந்த மண்டபம் வந்தது. 1889இல் அது கல்லூரி. காஞ்சிபுரத்து நெசவாளர் வீட்டுப் பிள்ளையான அண்ணா பொருளாதாரம் படித்தது அந்தக் கல்லூரி ஜார்ஜ் டவுனில் இருந்த காலத்தில்தான். இந்து அல்லாதவர்களுக்கு 1947 வரை அங்கே இடம் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். துறைமுகமும் கடற்கரையும் பக்கத்திலேயே இருக்க, ராயபுரத்துக் கிறிஸ்தவ வீட்டுப் பிள்ளைக்கும் மண்ணடி முஸ்லிம் வீட்டுப் பிள்ளைக்கும் அந்தக் கதவு மூடிக் கிடந்தது.

அப்புறம் நடந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறாது. ஹைகோர்ட்டுக்கு எதிரே இருந்த கிறிஸ்தவக் கல்லூரி 1937இல் தாம்பரம் போய்விட்டது. 1940இல் பச்சையப்பனும் சேத்துப்பட்டுக்குப் போய்விட்டது. இடம் போதவில்லை, மைதானம் வேண்டும் என்றார்கள், நியாயம்தான். ஆனால் மூன்று வருஷத்துக்குள் இரண்டு பெரிய கல்லூரிகளை ஓர் ஊர்ப்பகுதி இழந்தால் அங்கே என்ன மிஞ்சும்? வட சென்னைக்காரனுக்குப் படிப்பு ஏறாது, கத்தியும் கானாவும்தான் ஏறும் என்று படம் எடுப்பவர்களோடு நான் ஓயாமல் சண்டை போடுவது இதனால்தான். கல்லூரியைத் தூக்கிக்கொண்டு போனவர்கள் யார் என்று முதலில் கேட்டுவிட்டு அப்புறம் கேமராவைத் தூக்கட்டும்.

பழைய வண்ணாரப்பேட்டையில் சர் தியாகராயா கல்லூரி 1950இல்தான் வந்தது. பிட்டி தியாகராயர் நெசவும் ஜவுளி வியாபாரமும் செய்தவர். மாநகராட்சித் தலைவராக இருந்தபோது பள்ளிப் பிள்ளைகளுக்கு மதியச் சோறு போட்டவர். இன்று மெட்ரோ ஸ்டேஷனுக்கே அந்தக் கல்லூரியின் பெயர். அந்தக் காலத்தில் அதைத் தவிரக் காலேஜ் படிப்பு வேண்டுமென்றால் பஸ் பிடித்து வெகுதூரம் போக வேண்டும், இல்லையென்றால் அந்த மாடி. 1969இல் வங்கிகளை அரசுடைமையாக்கி ஊர் ஊராகக் கிளை திறந்தபோது குமாஸ்தா வேலைக்கு ஆள் தேவைப்பட்டது. பி.காம். படிப்புக்கு அங்கிருந்துதான் மவுசு கூடியது.

அப்புறம் 1984. எம்.ஜி.ஆர். அரசு சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு, அதாவது அரசுப் பணம் இல்லாமல் கட்டணத்திலேயே நடக்கும் கல்லூரிகளுக்கு, கதவைத் திறந்தது. அந்த வழியாகவே கலைக் கல்லூரிகளும் நுழைந்தன. அரசு உதவி பெறும் கல்லூரிகள் மாலை நேரத்தில் சுயநிதிப் பிரிவு தொடங்கின. எல்லோரும் வணிகத்தையே பிடித்துக்கொண்டதற்குக் காரணம் ரொம்ப எளிது. வேதியியல் நடத்த ஆய்வுக்கூடம் வேண்டும், கேஸ் வேண்டும், அமிலம் வேண்டும். பி.காம். நடத்த ஓர் அறை, ஒரு கரும்பலகை, ஓர் ஆசிரியர் போதும். செலவு குறைவு, கட்டணம் அதே அளவு. ஒரே படிப்பு கார்ப்பரேட் செக்ரட்டரிஷிப், அக்கவுன்டிங் அண்ட் ஃபைனான்ஸ் என்று கிளை விட்டது அப்படித்தான். நீங்கள் கேட்ட வளர்ச்சியில் பெரும்பங்கு இந்தக் கணக்குதான்.

எனக்குப் பொறுக்காதது வேறு ஒன்று. சென்னைத் துறைமுகம், எண்ணூரில் காமராஜர் துறைமுகம், அதற்கும் மேலே காட்டுப்பள்ளி என்று மூன்று துறைமுகங்கள் இந்தக் கரையில் இருக்கின்றன. கன்டெய்னர் லாரி வரிசையில் பஸ் மாட்டிக்கொண்டு உங்கள் பிள்ளைகள் காலேஜுக்கு லேட்டாகப் போகிறார்கள். அதே பிள்ளைகள் 'ஏற்றுமதி இறக்குமதி' என்ற பாடத்தை நோட்ஸ் வாங்கி மனப்பாடம் செய்கிறார்கள். அந்த லாரிக்குள் இருக்கும் சரக்குக்கு ஷிப்பிங் பில் என்ற ஏற்றுமதிச் சுங்கப் பத்திரத்தை யார் போட்டது, பில் ஆஃப் லேடிங் என்ற கப்பல் சரக்கு ரசீதை யார் யாரிடம் கொடுக்க வேண்டும் என்று கேட்டால் முழிக்கிறார்கள். ராஜாஜி சாலையில் சுங்க அலுவலகமான கஸ்டம் ஹவுஸ் இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள தெருக்களில், சரக்குக்குச் சுங்க வேலை முடித்துக்கொடுக்கும் கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸ்கள் இருக்கின்றன. பிள்ளைகளை ஒரு மாதம் அங்கே உட்கார வைத்தால் என்ன? எனக்குத் தெரிந்த ஒரு கல்லூரியில் இதைக் கேட்டேன். 'சிலபஸில் இல்லை' என்றார்கள்.

பச்சையப்பனில் எஃப்.ஏ. என்ற அந்தக் காலத்துக் கல்லூரிப் பரீட்சையில் தேறாத ஓர் இளைஞர் 1912இல் சென்னைத் துறைமுகத்தின் கணக்குப் பிரிவில்தான் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். பெயர் ராமானுஜன். அவரைக் கேம்பிரிட்ஜுக்கு அனுப்பத் துணை நின்றவர்களில் துறைமுகத் தலைவர் ஸ்பிரிங்கும் தலைமைக் கணக்கர் நாராயண ஐயரும் உண்டு. பரீட்சையில் தோற்றவனின் கையில் இருந்த நோட்டைப் பிரித்துப் பார்க்க அந்த ஆபீஸில் ஆள் இருந்தது.

இப்போது மகள் விஷயம். பி.பி.ஏ. நல்ல படிப்புதான், தாராளமாகச் சேருங்கள். ஆனால் பலகையைப் பார்த்துச் சேர்க்காதீர்கள். பட்டம் கொடுப்பது எந்தப் பல்கலைக்கழகம் என்று கேளுங்கள். கல்லூரி தானாகப் பட்டம் கொடுக்க முடியாது. சட்டப்படி பல்கலைக்கழகமோ அந்த அதிகாரம் பெற்ற நிறுவனமோதான் கொடுக்க வேண்டும். கல்லூரியைத் தன்னோடு சேர்த்துக்கொண்டதாகப் பல்கலைக்கழகம் தந்த இணைப்பு ஆணையைக் கண்ணால் பாருங்கள், நகல் வாங்கிக்கொள்ளுங்கள். 2024-25 முதல் பி.பி.ஏ., பி.சி.ஏ. படிப்புகளும் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்வி மன்றமான ஏ.ஐ.சி.டி.இ.யின் கீழ் வந்துவிட்டன, அந்த ஒப்புதலையும் கேளுங்கள். 'பரீட்சையும் நாங்களே வைப்போம், சர்டிபிகேட்டும் நாங்களே தருவோம்' என்று சொன்னால், அது பயிற்சி வகுப்பு. பயிற்சி வகுப்புக்கு உள்ள பணத்தை மட்டும் கொடுங்கள், மூன்று வருஷத்தைக் கொடுக்காதீர்கள்.

எது சேர்ந்தாலும் மகளை டைப் லோயருக்கு அனுப்புங்கள். கட்டும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது வாங்குங்கள். மார்க் ஷீட்டின் அசலை 'இங்கேயே இருக்கட்டும்' என்று கேட்டால் கொடுக்காதீர்கள். சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும் என்று 2018லேயே பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. சொல்லிவிட்டது.